பிரெஞ்சுக் கதையில் என் மச்சான்

வெள்ளவத்தை,
14 மார்ச் 1938

அன்பும் மதிப்பும் நிறைந்த மச்சானுக்கு,

ஸலாம். நாங்கள் எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். அந்தக் குளிரில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போன கிழமை உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அதில் இரண்டு பக்கம் மழை. மழை வெள்ளவத்தையிலும்தான் பெய்கிறது. என்ன சாப்பிடுகிறீர்கள், எங்கே தொழுகிறீர்கள், யாருடன் கதைக்கிறீர்கள் என்று எழுதினால் உம்மாவுக்கும் பெண்சாதியான எனக்கும் மனம் ஆறும்.

எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து சிவமணி டீச்சர் என்று ஒருவர் தமையனோடு வந்திருக்கிறார். என் வயதுதான். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே லண்டன் பரீட்சைக்குப் படிக்கிறார். என்ன பாடம் தெரியுமா? பிரெஞ்சு! பின்னேரங்களில் சத்தம் போட்டு வாசிப்பார். என்ன கதை அது என்று மதிலுக்கு மேலால் கேட்டேன். அன்றிலிருந்து எங்கள் குசினிக்கே வந்து தமிழில் சொல்கிறார். "ஆருக்கும் சொன்னால்தான் எனக்கு மனசிலை நிக்கும், ஷபீகா" என்கிறார். நான் மீன் கழுவிக்கொண்டே கேட்கிறேன்.

எனக்கும் ஒரு சுயநலம் உண்டு. நீங்கள் பாரிசில் அந்தச் சனங்களுக்கு நடுவில் இருக்கிறீர்கள். அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்கு வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

ஆகப் பழைய காலத்திலிருந்து தொடங்கினோம். ஒரே கோட்டையும் குதிரையும் வாளும். ஒரு வீரன் தன் எசமானுடைய மனைவி மேல் ஆசை வைப்பானாம். கிட்ட வர மாட்டான். கடல் கடந்து சண்டைக்குப் போய் அங்கிருந்தே அவளை நினைத்துப் பாட்டுக் கட்டுவான். "அவள்ட புருஷன் எங்க போன?" என்று கேட்டேன். "அவர் இருக்கிறார், ஆனால் பாட்டுக்கு அவர் தேவையில்லை" என்றார் டீச்சர். நல்ல நியாயம்! எனக்குக் கோபம் வந்து மீனைக் கொஞ்சம் அதிகமாகவே தேய்த்துவிட்டேன்.

பரீட்சையில் ஒரு விஷயத்தை எடுத்து அது காலத்துக்குக் காலம் எப்படி மாறியது என்று கேட்பார்களாம். டீச்சர் எடுத்திருக்கும் விஷயம், நேசிக்கிற இரண்டு பேருக்கு நடுவில் நிற்கும் தடை. அந்தக் கோட்டைக் காலத்தில் தடை என்றால் கடல், மதில், செய்த சத்தியம். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற, வெளியே நிற்கிற தடைகள்.

உங்கள் பக்கம் அப்படிப் பாட்டுக் கட்டுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்களா என்று எழுதுங்கள்.

உங்கள் ஷபீகா


பாரிஸ்,
10 ஏப்ரல் 1938

அன்புள்ள ஷபீகாவுக்கு,

ஸலாம். உன் கடிதம் கிடைத்து மனம் குளிர்ந்தது. உடம்பு அதற்கு முன்பே குளிர்ந்துவிட்டது. நீ கேட்டவற்றுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன், மழை என்ற சொல் இனி வராது.

ஜும்ஆவுக்குப் பெரிய பள்ளிவாசலுக்குப் போகிறேன். அதற்குப் பக்கத்தில் அல்ஜீரியாக்காரர் ஒருவருடைய சாப்பாட்டுக் கடை இருக்கிறது. இறைச்சி அங்கேதான். சோறு என்று ஒன்று தருகிறார்கள், உம்மா பார்த்தால் கோழிக்குப் போடுவார். என் அறையின் சொந்தக்காரி ஒரு கிழவி. முழங்கால் வலி, வாடகை, விறகு, இந்த மூன்றைத் தவிர அவளிடமிருந்து வேறு பேச்சு வராது. பாட்டுக் கட்டுகிறவர் எவரையும் நான் இன்னும் காணவில்லை. உன் டீச்சருக்கு அதைச் சொல்.

பகலில் இரத்தினக் கல் வியாபாரிகளின் தெருவில் இருக்கிறேன். அங்கே வியாபாரம் நடப்பது கோப்பிக் கடை மேசைகளில். அதற்கு மேல் எழுதுவதற்கில்லை. வியாபாரப் பேச்சு வீட்டு வாசற்படி தாண்டக் கூடாது என்பது வாப்பா வைத்த பழக்கம் என்று உனக்குத் தெரியும்.

உன் குசினிப் பாடம் எனக்குப் பிடித்திருக்கிறது. மீனைப் பாவம் பார்த்துத் தேய்.

என்றும் உன் நினைவில்,
மர்ஸூக்


வெள்ளவத்தை,
21 மே 1938

அன்பான மச்சானுக்கு,

ஸலாம். உம்மாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது எழும்பி எல்லோரையும் ஏசுகிறார், ஆகவே சுகம். ஸஹாப்தீன் நானா கடையை மூடிவிட்டு இரவில் இங்கேதான் சாப்பிடுகிறார், நீங்கள் வரும்வரை தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம்.

டீச்சருக்கு அடுத்த மாதம் பரீட்சை. பாடம் ஓட்டமாக ஓடுகிறது. கோட்டைகள் முடிந்து அரசவைக்கு வந்தோம். இந்தக் காலத்து நாடகங்களில் யாரும் குதிரையில் போவதில்லை. எல்லோரும் ஒரே மண்டபத்தில் நின்று அழகான செய்யுளில் அழுகிறார்கள். ஒரு பக்கம் ஆசை, மறு பக்கம் குடும்ப மானம், அரச கட்டளை. மனிதன் ஆசையை வென்றால் பெரியவன், தோற்றால் ஐந்தாவது அங்கத்தில் விஷம் குடித்து மௌத்து. "ஏன் எப்பவும் பொம்புளதான் மௌத்தாகிற?" என்று கேட்டேன். டீச்சர் சிரிக்காமல் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

அதற்கு அடுத்த நூற்றாண்டில் எல்லாவற்றையும் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ராசா, பாதிரி, கடமை, எதையும் விடவில்லை. புத்தியால் அளந்து பார்க்காத எதையும் நம்ப மாட்டோம் என்கிறார்கள். கேட்க எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் காதல் அவர்களுக்கு ஒரு விளையாட்டாகப் போய்விட்டது. ஆளுக்கு ஆள் கடிதம் எழுதுகிறார்கள், எல்லாம் இனிப்பான கடிதம், ஒவ்வொன்றும் எதையாவது மறைப்பதற்கு எழுதியது. தடை இப்போது கடலும் இல்லை, ராசாவும் இல்லை, எதிரில் இருப்பவனுடைய பொய். அந்த இடத்தில் டீச்சரை நிறுத்தச் சொல்லி எழும்பிப் போய்விட்டேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொன்னேன். அடுப்பில் பால் இருக்கவில்லை.

கொட்டாஞ்சேனை மீரா சாஹிப் மாமா சீமைக்குத் தேயிலை விஷயமாகப் போய்விட்டு வந்திருக்கிறார். வரும் வழியில் பாரிசிலும் இரண்டு நாள் நின்றாராம். உங்களைப் பார்த்தாரா என்று உம்மா கேட்டார். மாமா பேச்சை மாற்றினார்.

மச்சான், அந்தக் கோப்பிக் கடையில் யாருடன் இருக்கிறீர்கள்?

ஷபீகா


பாரிஸ்,
19 ஜூன் 1938

அன்புள்ள ஷபீகா,

ஸலாம். உம்மாவின் சுகம் அறிந்து சந்தோஷம். யாருடன் இருக்கிறேன் என்று கேட்டால் என்ன சொல்வது? வியாபாரிகளுடன்தான். மீரா சாஹிப் மாமா இங்கே வந்தது எனக்குத் தெரியாது. வந்தும் என்னைத் தேடவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

ஓகஸ்டில் அன்ட்வெர்ப் நகரத்துக்குப் போக வேண்டும். எத்தனை நாள் என்று சொல்ல முடியாது. அது முடிந்தால் ஊருக்குக் கப்பல் ஏறலாம். அரசவையில் செத்துப்போன பெண்களுக்காக நீ மனதைக் கெடுத்துக்கொள்ளாதே.

மர்ஸூக்


வெள்ளவத்தை,
24 ஜூலை 1938

மச்சானுக்கு,

ஸலாம். இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. இதைக் கிழிக்க மாட்டேன்.

டீச்சரின் பரீட்சை முடிந்துவிட்டது. ஆனாலும் நான் மிச்சக் கதையைச் சொல்லும்படி கேட்டேன். போன நூற்றாண்டு தொடங்கும்போது அவர்கள் சிரிப்பதை விட்டுவிட்டார்கள். பெரிய கலகம் ஒன்று நடந்து ராசாவையே கொன்றுவிட்டார்களாம். அதன் பிறகு எழுதியவர்கள் ஏரிக்கரையில் நின்று, மலையைப் பார்த்து, நிலவைப் பார்த்து, "நான், நான்" என்று அழுகிறார்கள். பிறகு அந்த அழுகையும் அலுத்துப் போகிறது. கடை, சம்பளம், அடகு, சலவைத் தொட்டி, சுரங்கம் எல்லாம் கதைக்குள் வருகின்றன. சின்ன ஊரில் நல்ல புருஷனோடு வாழும் பெண் ஒருத்திக்கு வாழ்க்கை சலித்துப் போனால் அதுவே முழுப் புத்தகம். இங்கே தடை என்றால் சனங்களின் வாய், கையில் சல்லி இல்லாமை, பரம்பரையாக உடம்பில் ஓடும் இரத்தம். அதற்குப் பிறகு, இருபது வருஷத்துக்கு முன் நடந்த யுத்தம். அதிலிருந்து திரும்பிய பிறகு எழுதுகிறவர்கள் எதையும் நம்புவதில்லையாம். கோப்பிக் கடையில் இருந்துகொண்டு, நான் இவளை நேசிக்கிறேனா, நேசித்தேனா, நேசம் என்று ஒன்று உண்டா என்று தங்களையே தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"பாத்தீரே, தடை ஒவ்வொரு காலமும் கிட்டக் கிட்ட வருகுது. கடலிலை இருந்தது, வீட்டுக்குள்ளை வந்து, இப்ப நெஞ்சுக்குள்ளை வந்திட்டுது" என்றார் டீச்சர். பரீட்சையிலும் அப்படித்தான் எழுதினாராம். அதைக் கேட்டதும் நான் அவர் முன்னால் வாய்விட்டு அழுதேன். "ஷபீகா, அழாதையும். இது கதை" என்று பதறிப்போனார். கதை இல்லை டீச்சர் என்று அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

மீரா சாஹிப் மாமா கடைசியில் நானாவிடம் சொல்லிவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "மர்ஸூக் ஒரு வெள்ளக்காரப் பொம்புளட கையப் புடிச்சிக்கொண்டு ஈந்தான். கொஞ்ச நேரம் இல்ல, கன நேரம். ரெண்டு பேரும் பேச்சில்ல, மூஞ்சியப் பாத்துக்கொண்டு ஈந்தாங்க. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ரோட்டில நின்டு பாத்தேன். உள்ளுக்குப் போக வெக்கமா ஈந்திச்சி." இதுதான் அவர் சொன்னது. உங்களைத் தேடாமல் வந்ததற்குக் காரணமும் இதுதான்.

மச்சான், எனக்கு எரிகிறது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. அந்தப் பெண் செத்தால் நல்லது என்றுகூட ஒரு இரவு நினைத்தேன், பிறகு பயந்து அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்தேன். என்னைப் பிடிக்காமல் போயிருந்தால் ஒரு வரி எழுதுங்கள். கோப்பிக் கடையில் இருந்து நெஞ்சைத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

நானா சொல்லிவிட்டார்: "நோன்புக்கு முந்தி அவன் வரவும் இல்ல, பதிலும் இல்ல எண்டா, காதியார்ட்டப் போய் இந்த விவாகத்த வெட்டி விட்டிருவோம். ஒனக்கு என்ன கொறச்சல்?" நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை.

ஷபீகா


வெள்ளவத்தை,
20 செப்டெம்பர் 1938

மச்சானுக்கு,

இரண்டு மாதமாகிறது, பதில் இல்லை. இதை விமானத் தபாலில் போடுகிறேன்.

ஜெர்மனியோடு யுத்தம் வந்து பாரிசில் குண்டு விழப் போகிறது என்று எல்லோரும் கதைக்கிறார்கள். டீச்சர் வீட்டு ரேடியோவில் இரவு செய்தி கேட்கப் போகிறேன். போன கடிதத்தில் எழுதிய எதற்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். யாருடைய கையை வேண்டுமானாலும் பிடித்திருங்கள். உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் எழுதுங்கள்.

ஷபீகா


பாரிஸ்,
2 ஒக்டோபர் 1938

என் அன்பு ஷபீகா,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் மூச்சு விடு.

ஓகஸ்ட் தொடக்கத்தில் அன்ட்வெர்ப் போனவன், இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று நினைத்தேன். வாங்குகிறவர்கள் யுத்தப் பயத்தில் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தார்கள். அங்கிருந்து உனக்கு ஒரு அட்டை போட்டேன். அது எங்கே போனதோ தெரியாது. போன புதன்கிழமை இங்கே வந்தபோது ரயில் நிலையம் முழுவதும் பட்டாளத்துக்குப் போகிற ஆண்களும் அழுகிற பெண்களும். பூங்காக்களில் பதுங்கு குழி வெட்டியிருந்தார்கள். கிழவி என் கடிதங்களை விறகுப் பெட்டிக்கு மேல் பத்திரமாக வைத்திருந்தாள். ஜூலைக் கடிதம் அங்கே கிடந்தது. மறுநாளே விமானத் தபாலும் வந்து சேர்ந்தது. இரண்டையும் மாறி மாறி வாசித்தேன். வெளியே சனங்கள் யுத்தத்துக்குப் பயந்துகொண்டிருந்தார்கள், நான் காதியாருக்குப் பயந்துகொண்டிருந்தேன்.

மீரா சாஹிப் மாமா கண்டது உண்மை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்திருந்தேன். ஏன் என்று கேள்.

அவள் ஒரு கல் வியாபாரியின் விதவை. புருஷன் போன பிறகு கடையை அவளே நடத்துகிறாள். வயது நாற்பது இருக்கும். லட்சணமானவள்தான், அதையும் மறைக்கவில்லை. என்னிடமிருந்த பெரிய நீலக்கல்லை அவளுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அந்தக் கோப்பிக் கடையில் விலையை வாயால் சொன்னால் அடுத்த மேசைக்காரன் அரை நிமிடத்தில் தெருவெல்லாம் பரப்பிவிடுவான். அப்படி இரண்டு வியாபாரம் கெட்டுப் போயிருந்தது. அதனால் நம் ஊர் வழக்கத்தை அவளுக்குக் காட்டிக் கொடுத்தேன். எங்கள் ஆட்கள் கல்லுக்கு விலை பேசும்போது இரண்டு பேருடைய கையையும் ஒரு லேஞ்சித் துணியால் மூடி, உள்ளே விரலைப் பிடித்தே விலை சொல்வார்கள். இத்தனை விரல் பிடித்தால் இவ்வளவு, விரலின் பாதியைத் தொட்டால் இவ்வளவு. வாய் பேசாது. மற்றவர் மனம் முகத்தில் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மாமா தேயிலைக்காரர், இதெல்லாம் பழக்கமில்லை. வெளியிலிருந்து பார்த்தவருக்கு இரண்டு பேருடைய கையும் மேசை விளிம்புக்குக் கீழே சேர்வது மட்டும் தெரிந்திருக்கும், லேஞ்சி தெரிந்திருக்காது. உள்ளே வந்து ஒரு ஸலாம் சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு கோப்பியும் எனக்கு ஒரு சாட்சியும் கிடைத்திருக்கும்.

இன்னொன்று. அந்நியப் பெண்ணின் கையைத் தொடுவது எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. அதனால் கையுறையைக் கழற்ற வேண்டாம் என்று சொன்னேன். அது குளிர்காலத்துத் தோல் கையுறை, உள்ளே கம்பளி. எது முழு விரல், எது பாதி என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் கன நேரம் எடுத்தது. கடைசியில் நான் ஒரு விலை நினைத்தேன், அவள் ஒரு விலை நினைத்தாள், லேஞ்சியை எடுத்தபோது இரண்டு பேரும் ஆளுக்கு ஆள் முழித்தோம். வியாபாரம் முறிந்தது. கல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் நானாவை நம் தெருவில் எந்தக் கல் வியாபாரியிடமும் கேட்கச் சொல், கையுறையோடு விலை பேசினேன் என்றால் சிரித்தே செத்துப்போவார்கள்.

இதை ஏப்ரலிலேயே எழுதியிருந்தால் நீ சிரித்திருப்பாய். எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. கல், விலை, வாங்குகிறவர், இவை எதுவும் வீட்டுக்குப் போகிற கடிதத்தில் வராது என்று பழகிவிட்டேன்.

உன் டீச்சர் சொன்ன நெஞ்சுத் தடை எனக்கு இல்லை. நான் எந்தக் கோப்பிக் கடையிலும் என்னைத் தோண்டவில்லை. எனக்கு நீ வேண்டும், இதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

யுத்தம் இல்லை என்று நேற்று முன்தினம் சொல்லிவிட்டார்கள். தெருவில் தெரியாத ஆட்கள் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். கிழவி முழங்கால் வலியை மறந்து படியிறங்கி வந்தாள். நான் ஆறாம் திகதி மார்செய்யில் கப்பல் ஏறுகிறேன். இந்தக் கடிதம் விமானத்தில் எனக்கு முந்தி வரும். தலைப்பிறைக்கு முன் கொழும்பில் இருப்பேன், இன்ஷா அல்லாஹ்.

உன்னுடைய,
மர்ஸூக்


வெள்ளவத்தை,
23 ஒக்டோபர் 1938

என் அன்பு மச்சானுக்கு,

ஸலாம். இந்தக் கடிதத்துக்கு முத்திரை இல்லை. ஸஹாப்தீன் நானா கப்பலுக்கு மோட்டார் வள்ளத்தில் வந்து உங்கள் கையில் தருவார். காதியாரிடம் போக இருந்தவர் அவர்தான். ஆகவே அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அவருக்கு உங்களைவிடப் பதற்றம். உங்கள் கடிதம் வந்த அன்றே கல் வியாபாரிகளிடம் போய் விசாரித்தார். வீட்டுக்கு வந்து உம்மாவிடம், "கையுறையோட விலை பேசின ஒரே ஆள் நம்மட மாப்பிள்ளதான்" என்றார். உம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். மீரா சாஹிப் மாமா ஒரு தட்டு வட்டிலப்பம் அனுப்பிவிட்டு இந்தப் பக்கமே வரவில்லை.

நான் சிரிக்கவில்லை. கடிதத்தை வைத்துக்கொண்டு குசினி நிலத்தில் இருந்துவிட்டேன். அவ்வளவு நிம்மதி. ஜூலையிலிருந்து நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அன்று இரண்டு தரம் சோறு போட்டேன்.

சிவமணி டீச்சர் பாஸ். லண்டனிலிருந்து செய்தி வந்துவிட்டது. தடை கிட்டக் கிட்ட வந்து நெஞ்சுக்குள் போன கட்டுரையில் நல்ல புள்ளி கிடைத்திருக்க வேண்டும் என்கிறார். உங்கள் கடிதத்தை அவருக்கும் வாசித்துக் காட்டினேன், கோபிக்காதீர்கள். "உங்களுக்கு நடுவிலை நிண்ட தடை எந்த நூற்றாண்டுத் தடை எண்டு எனக்குச் சொல்லத் தெரியேல்லை" என்றார்.

எனக்குத் தெரியும், மச்சான். கடல் இல்லை, கடலுக்குக் கப்பல் இருந்தது. அந்தக் கையுறை மதாம் இல்லை. உங்கள் நெஞ்சும் இல்லை. உங்கள் வாப்பா வைத்த பழக்கம். அவருக்கு மறுமையில் நல்ல இடம் கிடைக்கட்டும், ஆனால் அந்தப் பழக்கத்தை நான் ஏற்க மாட்டேன். வியாபாரம் வீட்டுக்குள் வராது என்றால் உங்கள் பகல் முழுவதும் வீட்டுக்குள் வராது. மழையும் கிழவியின் முழங்காலும் மட்டும்தான் எனக்கு வந்தன. மிச்சத்தை நான் பிரெஞ்சுக் கதைகளிலிருந்து எடுத்து நிரப்பிக்கொண்டேன். எழுநூறு வருஷத்துக் கள்ளக் காதல் எல்லாவற்றையும் உங்கள் தலையில் வைத்துப் பார்த்தேன். அதற்கு நானும் பொறுப்பு, நீங்களும் பொறுப்பு.

இனி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எந்தக் கல், யார் வாங்கினார், யார் ஏமாற்றப் பார்த்தார், யார் லட்சணமானவள், எல்லாம். விளங்காவிட்டால் கேட்பேன். இதற்கு ஓம் என்றால் மட்டும் வள்ளத்தில் ஏறுங்கள். இல்லையென்றால் நானா இன்னொரு இடத்துக்கும் வழி தெரிந்து வைத்திருக்கிறார்.

பயந்துவிட்டீர்களா? நல்லது. நான் இரண்டு மாதம் பயந்தேன்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். இறங்கி வாருங்கள்.

உங்கள் ஷபீகா